தலீலாவின் நாரத்தை ஜாம்

துனீசியாவின் நபுல் ஊரில், அந்தத் தெருவில் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்பது மருந்துக்கடைக்காரருக்கு முன்பே தலீலாவுக்குத் தெரிந்துவிடும். எதிர்வீட்டு மொஞ்சியாவின் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மருந்துகள் கைவிட்டு, மூன்றாவதாக ஒரு சோதனை மாத்திரை கிடைத்தபோது, மாதாமாதம் துனிஸ் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவளும் அவள்தான். துணைக்காம்.

டாக்டர் ஷெம்ஸுத்தீன் விளக்கியதை அவள் தெருவுக்கு இப்படிப் பரப்பினாள்: ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. மற்ற புரதங்களைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. எழுப்பிவிட்டு ஓய வேண்டும். மொஞ்சியாவுடையது அவள் மாமியாரைப் போல ஓய்வதே இல்லை. வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன. மாத்திரை போய் அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் இதயத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கையில் கொடுத்த தாளில் சாப்பாட்டைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. பம்பளிமாஸ் கூடாது. தலீலாவுக்குச் சிரிப்பு வந்தது. நபுலில் யார் பம்பளிமாஸ் தின்றார்கள்? இங்கே வீட்டுக்கு வீடு நிற்பது நாரத்தை. வசந்தத்தில் அதன் பூவைக் காய்ச்சி வடிப்பார்கள், குளிர்காலத்தில் பழத்தை ஜாமாக்குவார்கள். மாத்திரையால் நாக்கு செத்துப்போன மொஞ்சியாவுக்கு வாரம் ஒரு ஜாடி ஜாம் போயிற்று.

முதல் மாதம் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்தன. பாதிப் பெருமையைத் தலீலா தன் ஜாமுக்கு எடுத்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் மொஞ்சியா அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தால் இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தது, ரத்தத்தில் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

"ரெண்டு ரெண்டா போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

மொஞ்சியா பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். ஆனால் கோடையில் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் குணமாக அவசரப்படுகிறாள் என்று நர்ஸின் காதில் ஏற்கெனவே ஓதிவிட்டிருந்தாள் தலீலா. மறுநாள் காலையில் சோதனைப் பட்டியலிலிருந்து மொஞ்சியாவின் பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொடுக்க வேறு மாத்திரை கிடையாது.

காலையில் டாக்டர் வந்தபோது தலீலா கட்டிலோரம் ஜாடியைத் திறந்து கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"நாரத்தை ஜாம், டாக்டர். பம்பளிமாஸ் இல்ல. தாளைப் படிச்சுட்டுத்தான் குடுக்கிறேன்."

அவர் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். குடலில் இன்னொரு நொதி இருக்கிறது, உடம்பில் மருந்து சேர்ந்துவிடாமல் உடைத்துப்போடுவது அது. பம்பளிமாஸ் அதை முடக்கிவிடும், நாரத்தையும் அப்படியே செய்யும் என்றார். "இந்தத் தாளை எழுதினவங்க உங்க ஊர்ப் பக்கம் வந்திருக்க மாட்டாங்க," என்றார் கசப்பாக.

மாத்திரையைச் சில நாள் நிறுத்தலாம், இதயம் சீரானதும் மறுபடி தொடங்கலாம், பெயரை அடிக்க வேண்டியதில்லை. மொஞ்சியா போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதாள். தலீலாவுக்கு மூச்சு வந்தது.

"வேற யாருக்காவது குடுத்தீங்களாம்மா?"

கேள்வி முடியும் முன் பதில் சொல்பவள், முதல் தடவையாக யோசித்தாள்.

"வெளிய பெஞ்சுல நீல ஃபைலோட உக்காந்திருப்பாங்களே..."

"அவங்கள்ல யாருக்கு?"

"எல்லாருக்கும்."

நீல ஃபைல் என்றால் அதே மாத்திரை. மொஞ்சியாவைத் தவிர ஐந்து பேர். டாக்டர் அங்கேயே நின்று ஒவ்வொருவராகப் போன் போட்டார். நான்கு பேர் எடுத்தார்கள். ஐந்தாவது, கெலீபியா ஊர்க்காரி, எடுக்கவில்லை. அவளுக்கு மூன்று மகன்கள், மூவரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள், தனியாக இருக்கிறாள், காது நன்றாகக் கேட்கும், போன் எப்போதும் தலையணையடியில்தான். எல்லாம் தலீலாவுக்குத் தெரியும். அத்தனையையும் மூச்சுவிடாமல் சொன்னாள். ருசியாக இருக்கிறதென்று அவள் மட்டும் இரண்டு ஜாடி கேட்டு வாங்கினதைக் கடைசியில்தான் சொன்னாள்.

டாக்டர் மறுபடி எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.