கூறு போட்ட மாத்திரை

அன்றைக்கு நவமணி படுத்துத் தூங்கினாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள். ஆறு வருடங்களாக அவள் உட்கார்ந்துதான் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு தலையணை, மடியில் ஒன்று. தலை சாய்ந்தால் போச்சு, இழுப்பு வந்து தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவள், 1981 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாயில் காலை நீட்டி, வெயில் சாயும்வரை தூங்கினாள். கனவில் ரப்பர் மரங்கள் வேரோடு கிளம்பி, சிம்பாங் பூலாய் மலைகளின் மேல் வரிசையாக நடந்து போயின. மலை பஞ்சு மாதிரி அமுங்கியது. ஒரு சத்தமும் இல்லை. அவள் நெஞ்சிலிருந்துகூட.

கண் விழித்தபோது பக்கத்து வீட்டு ராக்காயி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"செத்துட்டியோன்னு பயந்துட்டேன்டி! எத்தன தடவ கூப்புடுறது?"

"தூங்கிட்டேன்க்கா."

"படுத்துக்கிட்டா?"

"படுத்துக்கிட்டுத்தான்."

ராக்காயியின் மூச்சுதான் கீ... கீ... என்று பதில் சொன்னது.

இரண்டு பேரும் பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீடுகளில், அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒரே லாரியில் ஏறி சிம்பாங் பூலாய்க்கு வந்தார்கள். சலவைக்கல் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலையும் ஒன்றாகத்தான். இழுப்பும் அப்படியே. பிப்ரவரியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் லத்தீபா மிஸ்ஸி, "புது மருந்து ஒண்ணு சோதிக்கிறாங்க, இழுப்புக்காரங்க வேணும், வர்றீங்களா?" என்று கேட்டபோது, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு தலையாட்டியதும் ஒன்றாகத்தான்.

டாக்டர் கார்த்திகேசு ஒளிக்காமல் சொன்னார். "அரைவாசிப் போத்தலில மருந்து. அரைவாசியில வெறும் மா. எது ஆருக்கு எண்டு எனக்கே தெரியாது. மிஸ்ஸிக்கும் தெரியாது. அந்த லிஸ்டைப் பூட்டி வைச்சிருக்கினம். உங்கட பழைய மருந்தும் கூடவே போகும். விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லலாம், ஒருத்தரும் கோவிக்க மாட்டம்."

"டோக்டருக்கே தெரியாத மருந்தா? வெளங்கிரும்லா!" என்று சொல்லிக்கொண்டே ராக்காயி சம்மதத் தாளில் வைக்கப் பெருவிரலை மையில் அழுத்தினாள்.

நவமணிக்குப் பதினேழாம் நம்பர் புட்டி, ராக்காயிக்குப் பதினெட்டு. காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு மாத்திரை. கூடவே ஆளுக்கொரு ஊதுகுழாய். மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதினால் உள்ளே சிவப்பு முள் ஓடும். அது நிற்கிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். ராக்காயிக்கு எழுத்து தெரியாது. இரண்டு நோட்டையும் நவமணிதான் எழுதினாள், ஒரு எண்கூடப் பிசகாமல்.

நூற்றெழுபதில் கிடந்த நவமணியின் முள் இருநூற்று எண்பதுக்கு ஓடியது. ராக்காயியின் முள் நூற்றைம்பதைத் தாண்டவே இல்லை. நவமணி மாத்திரை தந்த தூக்கத்தில் கண்கள் சொருக, பட்டறையில் பளிங்குத் தூசிக்கு நடுவே மிதந்துகொண்டு பெருக்கினாள். பக்கத்திலேயே ராக்காயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மாவுதான்டி குடுத்திருக்கானுங்க. ரொட்டியாச்சும் சுட்டுத் திங்கலாம்" என்று ராக்காயி சிரித்தாள். சிரித்ததில் இழுப்பு வந்தது. சிரிப்புக்கும் இழுப்புக்கும் நடுவே அவள் முகம் நீலம் பாரித்ததை நவமணி பார்த்தாள்.

படுத்துத் தூங்கி எழுந்த அந்த ஞாயிறு இரவே இரண்டு புட்டியையும் ஒரு பிஸ்கோத்து டின்னில் கொட்டிக் குலுக்கினாள்.

தோட்டத்தில் தீபாவளிக்கு ஆடு அடித்தால் எப்படிப் பங்கு வைப்பார்களோ, அப்படியேதான். கறியைச் சமமாகக் கூறு போட்டதும் ஒருத்தர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டியவர் வாயில் வருகிற பேர்தான் தீர்ப்பு. ஈரல் யாருக்கு, எலும்பு யாருக்கு என்று பிறகு பேச்சே கிடையாது. நியாயம் என்றால் அதுதான் நியாயம்.

நவமணி முதுகைக் காட்டி நின்றாள். ராக்காயி டின்னிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துத் தனித்தனியாக வைத்து, ஒன்றைத் தொட்டாள். "இது யாருக்கு?"

"ஒனக்கு."

புதுப் புட்டிகளும் டின்னுக்குள்ளேயே போக, காலையும் சாயங்காலமும் இப்படியே கூறு போட்டார்கள். அதன் பிறகு கனவுகள்கூடப் பங்காகத்தான் வந்தன. ஒரு நாள் நவமணிக்கு மலை நடந்தது. மறுநாள் ராக்காயி, ஆற்றுக்குள்ளே வெயில் காய்ந்ததாகச் சொன்னாள். "இன்னிக்கு நெசம் எனக்குத்தான்டி விழுந்துருக்கு!" என்று கொட்டாவியோடு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். இரண்டு முள்ளும் இருநூறுக்குப் பக்கத்தில் வந்து தள்ளாடி நின்றன. நவமணி மறுபடி சுவரில் சாய்ந்து தூங்கினாள். தலையணை ஒன்று குறைந்திருந்தது, அவ்வளவுதான். ராக்காயிக்கும் ஒன்று குறைந்திருந்தது. அதுவே ஒரு சுகமாக இருந்தது.

ஜூலையில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேசைமேல் இரண்டு நோட்டும் விரிந்து கிடந்தன. பக்கத்தில் கட்டம் போட்ட தாள். ஒரு கோடு மலை ஏறி இறங்கியிருந்தது. இன்னொன்று பள்ளத்திலிருந்து ஏறியிருந்தது.

"எனக்கு விளங்கேல்லை" என்றார் டாக்டர். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "மருந்து வேலை செய்யுது எண்டு நினைச்சன். பதினேழு விழுந்துபோச்சு. மா எண்டு நினைச்ச பதினெட்டு ஏறுது. இருக்கிறதே நாற்பது பேர். இப்பிடியே முடிஞ்சால், இந்த மருந்தால பிரயோசனம் இல்லை எண்டுதான் நான் எழுதவேணும். பிறகு இது இந்தப் பக்கம் வராது."

ராக்காயி மேசைக்கு அடியில் நவமணியின் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

நவமணிக்கு அந்த அறை மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. சொன்னால் டின் போய்விடும். படுத்துத் தூங்கின அந்த மத்தியானம் இனி கிடையாது. சொல்லாவிட்டால்? வெளியே பெஞ்சில் பீடோரிலிருந்து வந்த இழுப்புக்காரர் சின்னையா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லாத மருந்துக்கு யார் கூறு போடுவது?

"மருந்து நல்ல மருந்துங்க டோக்டர்" என்றாள். "நாங்கதான் ஒண்ணாக் கொட்டிக் கூறு போட்டுட்டோம்."

டாக்டருக்குப் புரியவில்லை. லத்தீபா மிஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டாள். நவமணி ஆட்டுக்கறியில் ஆரம்பித்து, முதுகு காட்டி நிற்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்தார். "நாங்களும் அதைத்தானே செய்தனாங்கள்! முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டுதான் பேர் கூப்பிட்டனாங்கள்." பிறகு சிரிப்பு மெதுவாக வடிந்தது. "ஆனால் அம்மா, கூறு போட்ட பிறகு ஒருத்தரும் மாத்தக்கூடாது. அதுதானே உங்கட சட்டமும்?"

நவமணி தலை குனிந்தாள். தோட்டத்தில் அப்படித்தான்.

இரண்டு நோட்டிலும் சிவப்புக் கோடு விழுந்தது. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, கணக்கிலிருந்து விலக்கினார். மீதி முப்பத்தெட்டுப் பேரை வைத்துச் சோதனை போகுமாம். மருந்து தேறினால், இரண்டு மூன்று வருடத்தில் கடைக்கு வரலாமாம். நவமணி பையில் கொண்டுவந்திருந்த டின்னை மிஸ்ஸி வாங்கிக்கொண்டாள். பழைய மருந்துச் சீட்டு மட்டும் கைக்கு வந்தது.

பஸ் நிலையம் வரைக்கும் ராக்காயி திட்டினாள். "அரிச்சந்திரன் தங்கச்சி! ஒன் நெஞ்ச நீ குடுப்பே, சரிலா. என் நெஞ்ச யாருடி குடுக்கச் சொன்னா? இனி என் வாசப்படி மிதிக்காத."

"மிதிக்கல."

"மாவு தின்னவளுக்குத்தான் தெரியும்."

"தெரியும்க்கா."

"பேசாத எங்கிட்ட!"

பஸ்ஸில் ராக்காயி தள்ளி உட்காரப் பார்த்தாள், வேறு இடம் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மழை விட்ட சாலையில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மலைகள் காலில்லாமல் நின்றன. பஸ் ஓடுகிறதா, மலைகள்தான் ஓடுகின்றனவா என்று தெரியாத அளவுக்கு எல்லாமே வெள்ளையாக இருந்தது.

ஏதோ கனமாகத் தோளில் விழுந்தது. ராக்காயியின் தலை.

நவமணி அசையாமல் காது கொடுத்தாள். கீச்சொலி இல்லை. ஆழமாக உள்ளே போய், நிதானமாக வெளியே வந்தது மூச்சு. காலையில் டின்னில் கைவிட்டு எடுத்த கடைசி மாத்திரையில் நிஜம் யாருக்கு விழுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

சிம்பாங் பூலாய் முச்சந்தி வந்தது.

"எறங்கலயா அக்கா? ஒங்க எடம் வந்துருச்சி" என்றான் கண்டக்டர் மாயாண்டி.

நவமணி உதட்டில் விரல் வைத்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

"எதுவர போறீங்க?"

"இவங்க முழிக்கிறவரைக்கும்."

மாயாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணியை இழுத்தான். பஸ் அடுத்த ஊரான கோப்பெங் பக்கம் திரும்பி வெள்ளைக்குள் போயிற்று.