ஆளுக்கு எட்டடி

அந்தக் குடியிருப்பில் சைக்கிள் பாதையை வீட்டுப் பத்திரத்திலேயே பிரித்து எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு எட்டடி. பச்சை நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு. அவரவர் பங்கை அவரவர் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.

மீதித் தரையெல்லாம் காருக்கானது. அதில் சைக்கிள் சக்கரம் படக்கூடாது. தாரணி வெளியே போக வேண்டுமானால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, பாதையை விரிக்கச் சொல்ல வேண்டும். தன் பங்கைக் கேரியரில் கட்டி வைத்திருந்தாள்.

அன்று மாலை வகுப்பின் கடைசிப் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தாள். இந்த முறையும் எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மதியமே கிளம்பினாள். அதுவே தாமதமோ என்று சந்தேகமாக இருந்தது.

முதல் வீட்டில் உடனே விரித்தார்கள். அடுத்த வீட்டில், தூங்கும் குழந்தையோடு சேர்த்து விரித்தார்கள். அவள் வளைந்து ஓட்டினாள்.

மல்லிகேஸ்வரி அக்காவின் பாதையில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

“பாதை வேணுங்க்கா. பரீட்சை.”

“மொளகா காயுது கண்ணு. நாளைக்கு எழுதிக்கலாமில்ல?”

“நாளைக்கு என் பேரே இருக்காதுங்க்கா.”

“அப்படியா? செரி, மொளகா மேலயே போ. மெதுவாப் போ, வெதை செதறிரும்.”

தும்மிக்கொண்டே கடந்தாள்.

கடைசி வீடு பூட்டியிருந்தது.

“பாதையைப் பொண்ணுக்குச் சீராக் குடுத்துட்டாங்க. அது ஈரோட்டுல இருக்குது,” என்றார் செக்யூரிட்டி.

“எப்பங்க வரும்?”

“வளைகாப்பு முடிஞ்சா வந்தாலும் வரும்.”

கேரியரிலிருந்த தன் எட்டடியை எடுத்து விரித்தாள். குடியிருப்பின் வாசல்வரை வந்துவிட்டாள். ஆனால் வாசலில் பாதை யார் பேருக்கும் எழுதப்படவில்லை. அந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது.

அதற்கு அப்பால், சைக்கிள்மேல் வகுப்பாசிரியர் தனசேகர் நின்றிருந்தார். எதிர்க் குடியிருப்பில் இருப்பவர். அவருடைய ஆட்கள் சாலைக்குக் குறுக்கே விரித்த பாதையும் அங்கேயே முடிந்திருந்தது.

“லேட்டு,” என்றார்.

“நீங்களும் இங்கதானே சார் நிக்கறீங்க?”

“அதனாலதான் லேட்டுன்னு தெரியுது. எழுதிக்கோ. முதல் கேள்வி.”

அவர் வாசித்தார். அவள் ஹேண்டில்பாரில் தாளை வைத்து எழுதினாள். வெயில் இறங்கியது. பனியில் சாயம் போய்விடுமென்று அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பாதையைச் சுருட்டினார்கள். அவள் எழுதி முடித்தபோது அவளுடைய எட்டடி மட்டும் மிஞ்சியிருந்தது.

“தாளை எறியட்டுங்களா சார்?”

“எறிஞ்சா தபால் வழிக் கல்வி ஆயிரும். கையில குடு.”

தாரணி இரண்டு கால்களையும் பெடலில் வைத்தாள். குனிந்து, சைக்கிளுக்கு அடியிலிருந்து தன் பாதையை உருவினாள். சைக்கிள் பழக்கத்தில் அப்படியே நின்றது. பாதையை முன்னால், சாலைக்குள் நீளும்படி விரித்து, ஏறிக் கடந்தாள்.

அவர் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தார்.

“பாஸாவேனுங்களா சார்?”

“இந்தப் பாடத்துல இவ்வளவு தூரம் யாரும் வந்ததில்ல.”

அவர் திரும்பிப் போனார். அவர் போகப்போக அந்தப் பாதையும் சுருண்டது. பேருந்துகள் தாரணியைச் சுற்றி, அவளுடைய வெள்ளைக் கோட்டைத் தொடாமல் போயின.

வீடு பின்னால் இருந்தது. அவள் குனிந்து, பாதையை உருவி, முன்னால் விரித்தாள்.