மண்டிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு

சிறுமலையில் வாழைத்தாரை வெட்டியதும் அதன் காம்பில் கத்தி முனையால் குறி கீறுவது வழக்கம். தோட்டத்துக்கு ஒரு குறி. ஜீப்பில் திண்டுக்கல்லுக்கு வந்து இறங்கியதும் உடையப்பன் மண்டி ஆட்கள் முதலில் செய்வது, அந்தக் காம்பை அறுத்தெறிவதுதான். பிறகு தாரின் மேல் மண்டியின் நீல மை ஏறும். மழையிலும் அட்டைக்கடியிலும் விளைவித்தவரின் அடையாளம் குப்பைக்குப் போகும். நிழலில் நின்று வாங்கியவரின் பெயர் பெங்களூருக்குப் போகும். முப்பது ஆண்டுகள் மலையே இதைப் பார்த்தது. ஏன் என்று கேட்ட வாய் ஒன்றுகூட இல்லை.

2005ஆம் ஆண்டு, அந்தக் கேள்வி ஒரு கணினித் திரையில் வந்து நின்றது.

மலைவாழை விவசாயிகள் சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. அதற்குத் தம் தளத்தில் இடம் கொடுத்தவர் உடையப்பன். ஆகவே முகவரியில் மண்டியின் பெயர் முன்னே, அடுத்து ஒரு சாய்கோடு, அதன் பின்னால் சிறுமலை. அண்மையில் சங்கம் 'சிறுமலைவாழை டாட் காம்' என்று சொந்தமாக இன்னொரு முகவரி வாங்கியது. எதை அடித்தாலும் அதே பக்கம் திறந்தது.

தளத்தை வடிவமைத்த டெய்சி, தன் பிரவுசிங் சென்டரில் உடையப்பனையும் சங்கச் செயலாளர் ஒச்சம்மாளையும் எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"ஒரே பக்கம் ரெண்டு முகவரியில இருந்தா, தேடுறவங்களுக்கு எதைக் காட்டுறதுன்னு கூகுள் கொழம்பும்க்கா. ஒண்ணை முதன்மைன்னு சொல்லுங்க. மத்ததை அடிக்கிறவங்களையும் அதுக்கே திருப்பி விட்டுருவேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் உடையப்பன். "என் முகவரியை வையி. ஒனக்கு ஒரு நட்டமும் இல்ல தாயி. உள்ள இருக்கிறது ஒன் வாழைதானே?"

"உள்ள எங்க வாழை. வாசல்ல ஒங்க பேரு. அம்புட்டுத்தானே மொதலாளி?"

"பின்னே? காம்புல கோடு கீறுறவளுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல பலகை மாட்டணுமா?"

ஒச்சம்மாளின் முகம் சுட்டது.

"மாட்டணும். நேத்துச் சங்கக் கூட்டத்துல அறுபது பேரும் கை தூக்கியாச்சு. டெய்சி, எங்க முகவரிதான் முதன்மை."

"அப்ப என் எடத்தை இன்னைக்கே மூடுறேன். வெளியூர்க்காரன் அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சது பழைய முகவரி. ஒன் புதுப்பேரு எவனுக்குத் தெரியும்?"

டெய்சி தயங்கினாள். "நெசம்தான்க்கா. பக்கத்தை வேற எடத்துல நான் ஏத்தித் தாரேன். ஆனா மூடிட்டார்னா பழசை அடிக்கிறவங்க நம்மகிட்ட வந்து சேர மாட்டாங்க. தேடுனா மேல வரவும் மாசக்கணக்கா ஆகும்."

அந்த மாதங்களில் வாங்க ஆளில்லாமல் தார்கள் தோட்டத்திலேயே பழுத்து உதிரலாம். ஒச்சம்மாள் அதை அறியாதவள் அல்லள். ஆனால் தன் விளைச்சலின் வாசலில் பிறர் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருப்பதற்குப் பிழைப்பு என்றா பெயர்? அடிமை ஓலை பனையோலையில் இருந்தாலென்ன, கண்ணாடித் திரையில் இருந்தாலென்ன?

"மூடிக்கங்க," என்றாள்.

உடையப்பன் எழுந்தார். "நாளைக்கு நீ எந்த மண்டியில தார் எறக்குறேன்னு பாக்குறேன்."

"பாருங்க. கண்ணு நல்லாத்தானே தெரியுது."

மாலைக்குள் பழைய முகவரி இருண்டது. ஒச்சம்மாள் டெய்சியின் தொலைபேசியை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு, இதுவரை தளத்தின் வழியே விசாரித்திருந்தவர்களின் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவது கோயம்புத்தூர். சிறுமலை வாழை என்றதுமே எதிர்முனை கேட்டது.

"ஏனுங்க, உடையப்பன் மண்டிங்களா?"

"இல்லங்க. வாழை வெளைய வைக்கிறவுக பேசுறோம். பேனா எடுங்க, எங்க முகவரியைச் சொல்றேன். அதுக்கு முன்னால யார் பேரையும் போட்டுறாதீங்க."