நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டு

“நீ வாயைத் திறந்து தொலைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லடா வெட்லே. கையை ஏன்டா நீட்டின?”

ஐவின் இதை நான்காவது முறையாகக் கேட்கிறான். கை தானாகப் போய்விட்டது, அவ்வளவுதான். தப்பைக் கேட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது. அது அவனுக்கும் தெரியும்.

மாதத்தின் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஐவின் வீட்டில் கூடுவோம். அவன், தோரா, நான், மூன்றே பேர். ஆளுக்கு ஓர் இசைத்தட்டு, அதிலும் ஒரு பக்கம்தான். விதிகள் இரண்டு. முள் இறங்கியபின் எழும்வரை பேச்சு கூடாது. அடுத்தவர் தட்டு சுற்றும்போது பிளேயரில் கை வைக்கக் கூடாது. எங்கள் ஊர் பேர்கனில் வெளியே மழை பெய்யாத நாள் ஏது, அந்தச் சத்தத்துக்கு மட்டும் விலக்கு.

அன்று முதலில் ஐவின் தட்டு. இருபத்திரண்டு நிமிடம் தேவாலய ஆர்கன்.

“யாருடா செத்தா?” என்றேன், முள் எழுந்ததும்.

“உன் ரசனைதான். போன மாசமே அடக்கம் பண்ணியாச்சு.”

தோரா வாஃபிளை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். பழுப்புச் சீஸ் கம்பளிக் காலுறைமேல் விழுந்தது. அதை எடுத்துத் தின்றாள். பிறகு பையைத் திறந்து, எழுத்தே இல்லாத ஒரு வெள்ளை அட்டையை எடுத்தாள். நடுவில் ஒட்டிய காகிதமும் வெறும் வெள்ளை.

“இது எங்க அம்மா,” என்றாள்.

தோராவுக்கு ஒன்றரை வயதில் அம்மா இறந்துவிட்டாள் என்பது தெரியும். பாடுவாள் என்பது தெரியாது. நண்பர்களோடு சேர்ந்து இருநூறு பிரதிகள் அடித்தார்களாம். வீட்டில் வீடியோ எதுவும் இல்லை. தோராவுக்குப் பதினாலு வயதானபோது அப்பா இதை அவள் கட்டிலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அம்மாவின் குரல் என்று அவளிடம் இருப்பது இது மட்டும்தான்.

“பன்னெண்டு வருஷமா தனியாத்தான் கேட்டிருக்கேன். வேற யாருக்கும் போட்டதில்ல. கிண்டல் பண்ணீங்க, ரெண்டு பேரையும் கொன்னுடுவேன்.”

அவளே முள்ளை வைத்தாள்.

கனமான குரல். கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி, அவசரமே இல்லாத குரல். தோரா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். எந்தப் பாடகர் குழுவுக்குப் போனாலும் அவள் ஏன் அடம்பிடித்துத் தணிந்த குரல் வரிசையில் நிற்கிறாள், கழுத்து நரம்பு புடைக்க ஏன் கீழே கீழே இறங்கப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதல் பாட்டு முழுக்க எனக்கு ஏதோ உறுத்தியது. கிதார் கம்பியின் அதிர்வு அடங்க இவ்வளவு நேரம் எடுக்காது. பாட்டு முடிந்ததும் யாரோ சிரிப்பது பதிவாகியிருந்தது. ஹோ... ஹோ... ஹோ... குளிரில் கிளம்ப மறுக்கும் டிராக்டர் மாதிரி. எந்த மனிதரும் அப்படிச் சிரிப்பதில்லை.

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று, சின்னது என்றால் நாற்பத்தைந்து. எல்லோரும் அப்படித்தான் போடுவோம். ஆனால் பெரிய அளவிலேயே நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டுகளும் உண்டு. வேகத்தைக் காகிதத்தில் போட்டிருப்பார்கள். இதில்தான் எழுத்தே இல்லையே. மெதுவாகச் சுற்றினால் எந்தக் குரலும் கனத்துக் கீழே இறங்கிவிடும்.

முள்ளைத் தூக்கிச் சிரிப்புக்குச் சற்று முன்னால் வைத்தேன். நாற்பத்தைந்தை அழுத்தினேன்.

ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். இருபது வயதுகூட இருக்காது. எதையோ தப்பாக வாசித்துவிட்டு அடக்க முடியாமல் வரும் சிரிப்பு. உடனே அடுத்த பாட்டு, மெல்லிய, துள்ளலான, உச்சத்துக்குச் சுலபமாக ஏறும் குரலில்.

“யாரு அது?” என்றாள் தோரா.

நான் மடையன். விளக்க ஆரம்பித்தேன். “வேகம் தப்பு தோரா! இதுதான் சரியான வேகம். இத்தனை நாளும் நீ...”

“யாரு அதுன்னு கேட்டேன்.”

“உங்க அம்மாதான்.”

“சிரிச்சது?”

“அதுவும் அவங்கதான்.”

“அது டிரம்ஸ் வாசிக்கிற ஆளு,” என்றாள். “தாடி வெச்சிருப்பான். நான் அப்படித்தான் நெனச்சு... நிறுத்து அதை.”

ஐவின் நிறுத்தினான். அவள் தட்டை எடுத்து உறையில் போட்டாள்.

“சாரி தோரா, நான்...”

“எனக்கு இருந்தது ஒரே ஒரு அம்மா வெட்லே. அவளை எடுத்துட்டு, யாரோ ஒரு சின்னப் பொண்ணைக் கொண்டுவந்து உக்கார வெச்சுட்ட. என்னைவிடச் சின்னவ.”

பூட்ஸின் நாடாவைக்கூடக் கட்டாமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் தப்பு முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கிடந்திருப்பேன். ஆனால் புதன்கிழமை அவள் ரயிலேறி வொஸ்ஸில் இருக்கும் அப்பாவிடம் போயிருக்கிறாள். ராத்திரி ஐவினுக்கு போன் செய்தாள். எனக்கு இல்லை. ஐவின் சொல்லித்தான் தெரியும்.

அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

அந்த வீட்டில் அவள் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அறை. மகள் தப்பான வேகத்தில் போட்டுக் கேட்பது தினமும் காதில் விழுந்திருக்கிறது. முதல் நாள் சொல்லலாம் என்று கதவு வரை வந்தாராம். கதவிடுக்கில் பார்த்தால், அவள் தட்டின் உறையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாளாம். அப்படியே திரும்பிவிட்டார். “அந்தக் குரல் உனக்கு ஒத்துப்போச்சும்மா. நான் எதுக்கு நடுவுல வரணும்னு விட்டுட்டேன்” என்று சொன்னாராம்.

“பன்னெண்டு வருஷம் என்னை ஏமாத்தினீங்களே” என்று கத்திவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள் தோரா. இப்போது அப்பாவிடமும் பேச்சில்லை, என்னிடமும் இல்லை. சொல்லாமல் விட்டவர்மேல் ஒரு கோபம், சொன்னவன்மேல் ஒரு கோபம். தட்டை எந்த வேகத்திலும் போடுவதில்லையாம்.

“அப்பா செஞ்சதுதான்டா சரி” என்கிறான் ஐவின். “பன்னெண்டு வருஷம் அவ நிம்மதியா இருந்தா. நீ மூணு நிமிஷத்துல முடிச்சுட்ட.”

“அப்ப அவங்க அம்மா எப்படிச் சிரிப்பாங்கன்னே தெரியாம அவ கடைசி வரைக்கும் இருந்திருக்கணுமா?”

“அதை அவளே ஒருநாள் கண்டுபிடிச்சிருப்பா.”

“கண்டுபிடிக்கலன்னா?”

ஐவின் எழுந்து தட்டுகளை அடுக்கப் போய்விட்டான். எனக்கோ அதிலிருந்து தூக்கமே போய்விட்டது. கையை நீட்டியது தப்பு, சரி, ஒத்துக்கொள்கிறேன். பேசாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்து, உங்கள் காதிலும் அது விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?