பச்சைக் கழி

எங்கள் ஏரியில் மீன் பிடிக்க அவசரம் ஆகாது. ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் காய்ந்த கழிகளை வட்டமாக ஊன்றி, நடுவே மரக்கிளைகளை அமிழ்த்திவிட்டு வந்துவிட வேண்டும். நிழல் தேடி மீன்கள் குடிவரும். மழைக்கு முன்னால் சுற்றிலும் வலை கட்டி, கிளைகளை எடுத்துவிட்டு அள்ளலாம். காய்ந்த கழி என்பதுதான் முக்கியம். இந்த வருஷம் ஊன்றியவள் நான். கைக்கு வந்ததை வெட்டி ஊன்றினேன். அத்தனையும் பச்சை.

கழிகள் துளிர்த்தன. காலைப் பனியில் பார்த்தால் ஏரி நடுவே ஒரு சின்னத் தோப்பு மிதக்கும். அழகுதான், யார் இல்லையென்றது? நீர்க்காகங்களுக்கும் பிடித்துப்போய்க் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டன.

"மீனுக்கு வீடு கட்டச் சொன்னா காக்காவுக்கு மாடி கட்டிட்டீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதிலும் மீன் இல்லையென்றால் நகரத்துக் கிடங்கில் மூட்டை தூக்க வருவதாக என் வீட்டுக்காரர் அங்கே இருக்கும் அவர் அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

வலை கட்டிய அன்று மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். எங்களைச் சுற்றி மேகங்கள் படுத்திருந்தன. வலையைச் சுருக்கியபோது அடியில் ஏதோ மினுங்கியது. எல்லாம் நகக்கண் அளவுக் குஞ்சுகள். பெரியவற்றைக் காகங்கள் முடித்துவிட்டன. கழிகள் விட்ட வேர்களுக்குள் ஒளிந்து பிழைத்தவை இவை. குஞ்சை நாங்கள் யாரும் கரையேற்றுவதில்லை. அவர் வலையைத் தாழ்த்தினார். என் கால்களைக் கூசவைத்துக்கொண்டு அவை போயின.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்க" என்றேன்.

"திட்டினா மீன் வந்துடுமா? கிளைய மறுபடி போடு. வளரட்டும்."

அவர் கிளம்பிய காலையில் எதிரே இருப்பது தெரியாத பனி. ஏரியை ஒட்டிய எங்கள் வாசலில் படகு கட்டும் கழி உளுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. தோளில் பையோடு புதுக் கழி ஒன்றை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். ஈரம் காயாத பச்சை.

"காஞ்ச கழி கூரை மேல கெடக்குதே. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. இது துளிர்க்கறதுக்குள்ள வந்துடுறேன்."

நாத்தனார் படகைத் தள்ளினாள். கொஞ்ச தூரம் துடுப்புச் சத்தம் கேட்டது.

இன்று காலை படகை அவிழ்க்கும்போது கழியில் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிள்ளி எறிந்தேன். அவர் சொன்ன சொல் தவறக்கூடாது.