பின்னங்கால் ரோமம்

கேட்காமலே காபி வந்தபோது மனைவி ஏதோ திட்டம் போடுகிறாள் என்ற வண்டுக்காரரின் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சிக் கூத்தாடினாலும் கிடைக்காத காபி அது. போதாததற்குச் சர்க்கரை வேறு சரியாக இருந்தது!

இருவருக்கும் பிழைப்பு அருங்காட்சியகத்து வண்டுகள்தான். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி இன்னும் போய்வருகிறாள். இளவயதில் அவர் ஒரு வண்டின் பின்னங்காலில் ரோம வரிசையைக் கண்டு, அதை வைத்தே வண்டினங்களில் ஒரு துணைக்குடும்பத்தைப் பிரித்துப் பெயர் சூட்டினார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது என்பார். நின்றது நாலு பேர். அதில் ஒருவர் நாற்காலி கிடைக்காதவர். பிறகு அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக இழுத்தார்கள். ஒருவர் அதற்குள் மூன்றே இனங்களை வைத்தார். இன்னொருவர் எங்கே வைப்பதென்று தெரியாத வண்டையெல்லாம் அதில் கொட்டினார். இப்போதைய புத்தகங்களில் 'பழைய பெயர், பொருள் தெளிவில்லை' என்று ஒரு வரியோடு சரி. ஆனாலும் பெயருக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரமான அந்த முதல் வண்டின் காலில் ரோமம் இருக்கும்வரை அதை யாரும் அசைக்க முடியாது.

"என்னங்க, இன்னிக்கு என்கூட வாங்களேன்."

"காபியிலேயே நினைச்சேன். நான் வச்ச பேரைத் தூக்கப் போறது நீதானே?"

"உங்க சந்தேகத்துக்கே தனியா ஒரு துணைக்குடும்பம் வைக்கணும். வாங்க சாமி."

அருங்காட்சியகத்தில் மைக்ரோஸ்கோப்பின் அடியில் அவருடைய வண்டு காத்திருந்தது. யாராவது காலைப் பிடுங்கியிருப்பார்களோ என்று பதறிக் குனிந்தார்.

"இருக்கே! வரிசையா இருக்கே!"

"ஓரத்துல பாருங்க. ஒண்ணு முறுக்கிக்கிட்டிருக்கு."

பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அப்பல்லாம் பஞ்சுல பொதிஞ்சுதானே கொண்டுவருவீங்க? அந்த வரிசையே, வண்டை அட்டையில ஒட்டின பசையில சிக்கின பஞ்சு இழையோன்னு..."

"எப்பலேருந்து இந்த நினைப்பு?"

"நான் இங்க சேர்ந்ததுலேருந்து."

அத்தனை வருஷமும் பக்கத்துத் தலையணையில் இந்த இரகசியம் குறட்டை விட்டிருக்கிறது!

"வெந்நீர் ஒரு சொட்டு விட்டா பசை கரைஞ்சிடும். பஞ்சுன்னா மிதக்கும், ரோமம்னா நிக்கும். எனக்கு அடுத்து வர்றவங்க யோசிக்காம விட்டுடுவாங்க. என் கையால மாட்டேன். நீங்க விடுங்க."

அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சொட்டுக்குழாயை எடுத்து வண்டின் மேல் பிடித்தார். நுனியில் ஒரு துளி திரண்டது. அதற்குள் ஜன்னலும் அவளும் தலைகீழாகத் தொங்கினார்கள். விழுந்துவிடாமல் விரலை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். துளி பெருத்துக்கொண்டே வந்தது.