குரங்கு ஏறிய உயரம்

என் கணவருக்குச் சோறு போடுவது வாஷிங் மெஷின்களின் ஆட்டம். துணியெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்து மெஷின் குலுங்கினால், உள்ளே இருக்கிற சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சுற்றுவதை நிறுத்த வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதுவது அவர் வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நான் பஸ் ஓட்டுகிறவள். ஓட்டினவள் என்று சொல்ல வேண்டும். வாய்க்கு இன்னும் பழகவில்லை. இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. விழுந்தது நான்தான், அதுவும் என் வீட்டுக் குளியலறையில், சோப்புத் தண்ணீரில் வழுக்கி. வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்று பார்த்தால், கை வற்றிப்போய் யாரோ ஒருத்தியின் கை மாதிரி மடியில் கிடந்தது. பிசியோதெரபி செய்கிற பெண், "எதையாவது பிடிச்சு நல்லா ஆட்டுங்க, வலிச்சாலும் விடாதீங்க" என்றாள். ஆட்டினேன். வலித்தது. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இவர் ஒரு சோப்பு டப்பாவோடு வந்து நின்றார்.

"என்னைத் தள்ளிவிட்டதே சோப்புதான். இப்ப அதோட டப்பாவை வேற கொண்டு வந்து குடுக்கறீங்களா?"

"உள்ள சோப்பு இல்லம்மா. சென்சார் இருக்கு. விளையாட்டு. குலுக்கிப் பாரேன்."

அவருடைய பழைய கைபேசியின் திரையில் ஒரு மரம், அடியில் ஒரு குரங்கு. டப்பாவைக் குலுக்கினால் குரங்கு ஒரு கிளை ஏறும். சும்மா இருந்தால் சறுக்கி இறங்கும். உச்சியைத் தொட்டால் அடுத்த மரம். அவ்வளவுதான் விளையாட்டு. இந்த வயதில் எனக்குக் குரங்கு. ஆனால் எனக்காக உட்கார்ந்து செய்திருக்கிறாரே என்று மனசு இளகத்தான் செய்தது.

"குலுக்கறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் அசைஞ்சாலும் சென்சார் அதை நம்பரா சொல்லும். சும்மா வெச்சிருந்தாக்கூட பூமி இழுக்கறது ஒரு நம்பரா வரும், அதைக் கழிச்சுடுவேன். மிச்சம் ஒரு அளவைத் தாண்டினா குலுக்கல். தாண்டலேன்னா வெறும் அசைவு, கணக்குல வராது."

"எது அளவுன்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

முதல் வாரம் என் குரங்கு இரண்டாவது கிளையைத் தாண்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்கினாலும் அது அங்கேயே தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "இனிமே இந்தச் சனியனை என் கண்ணுல காட்டாதீங்க, நான் செய்யமாட்டேன்" என்று இடது கையால் டப்பாவை வீசி எறிந்தேன். அவர் சோபாவுக்கு அடியில் கையை விட்டு அதை எடுத்தார்.

மறுநாள் குரங்கு நான்காவது கிளைக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் உச்சி. நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. காலையில் ஒரு மரம், சாயங்காலம் ஒரு மரம். பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்தினேன். இங்கே மரம் மரமாக ஏறிக்கொண்டிருக்கிறேன், அங்கே போய் ரப்பர் பந்தை அமுக்க வேண்டுமா? "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வாயேன்" என்று இவர் இழுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.

டிப்போ மேனேஜர் போன் செய்தார். கை உடைந்தவர்கள் திரும்ப வண்டியைத் தொடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் ரிட்டயர் ஆகும்வரை டிக்கெட் கவுண்டர். "அவசரமில்லம்மா. வேணும்னா இன்னும் ஒரு மாசம் லீவு எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் நல்ல மனுஷன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன். "என்னங்க, போகலாமா? கை தேறிடுச்சு இல்ல?"

இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தோணுதோ" என்றார்.

எனக்குத் தோன்றியது. போனேன்.

டிப்போ மைதானத்தில் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். நேராகப் போகிறவரை ஒன்றும் தெரியவில்லை. வளைவில் இடது கை கியருக்குப் போனது. ஸ்டியரிங்கை வலது கை மட்டும் பிடிக்க வேண்டிய நேரம் அது. கண் மூடித் திறப்பதற்குள் விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. ஸ்டியரிங் சுழன்றது. ஓரத்தில் வைத்திருந்த பீப்பாய் உருண்டு போனது. என்னோடு எத்தனையோ வருடம் ஓடின கண்டக்டர்கள் வரிசையாக நின்றுகொண்டு பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

"கையில பிடியே இல்லியேம்மா. யாரு உங்களை இப்பவே வரச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். டப்பாவும், விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த கைபேசியும் மேஜையிலேயே இருந்தன. விசும்பி விசும்பி ஓய்ந்து தலையைத் தூக்கினால், குரங்கு நடு மரத்தில் இருந்தது. நான் டப்பாவைத் தொடவே இல்லை. மேஜையை ஒரு விரலால் தட்டினேன். ஒரு கிளை ஏறியது. மறுபடி தட்டினேன். இன்னொரு கிளை. இந்தக் குரங்கை உச்சிக்கு அனுப்ப ஒரு ஈ உட்கார்ந்தால் போதும்.

இவர் வேலையிலிருந்து வந்து கதவருகே நின்றார். மேஜையைத் தட்டிக் காட்டினேன். அவர் செய்ததா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"நீ தூக்கி எறிஞ்ச அன்னிக்கு முதல் தடவை அளவைக் குறைச்சேன். அப்புறம் நீ குளிக்கப் போறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா... அப்படியே விட்டுட்டேன்னா நீ ஆட்டறதையே நிறுத்திடுவியேன்னுதான். உன் முகத்தைப் பார்க்க முடியலம்மா."

"பார்க்க முடியலேன்னா அந்தப் பக்கம் திரும்பிக்க வேண்டியதுதானே. போகலாமான்னு கேட்டேனே, அன்னிக்காவது வாயைத் திறந்திருக்கலாமே."

அவர் கண்ணும் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் அன்பாகத்தான் செய்தார் என்பது தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"முதல்ல இருந்த அளவையே போடுங்க. அன்னிக்கு ரெண்டு கிளை ஏறினேன். இன்னிக்கு எத்தனைன்னு பார்க்கணும். ஏதாவது தேறியிருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியணும்."

லேப்டாப்பைத் திறந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நகரவில்லை.

"என்ன?"

"அது என்ன நம்பர்னு ஞாபகம் இல்ல. குறைக்கக் குறைக்க அதுமேலயே எழுதிட்டேன்."

"எங்கியும் குறிச்சு வெக்கலியா? ஆபீஸ்ல எதை மாத்தினாலும் குறிச்சு வெக்கணும்பீங்களே?"

"ஆபீஸ்ல வெப்பேன். இது உன் கண்ணுல பட்டுடுமோன்னு வெக்கல."

நான் டப்பாவை வலது கையில் எடுத்தேன். இந்தக் கை ஒரு கிளையாவது முன்னேறியிருக்கிறதா, கட்டுப் பிரித்த நாளில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறதா? சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சியை இவர் அழித்துவிட்டார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தோராயமா ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்டார்.